நினைவு காத்த நெறிகள்

நம் இலக்கிய வட்டம் தோன்றிப் பத்தாண்டுகள் நிறைவுறுகின்றன. விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டபொழுது, வட்டத்தின் வரலாற்றையே எழுதலாமா என்று முதலில் எண்ணினேன். அதற்காகப் பழைய நிகழ்ச்சிக் குறிப்பேடுகளைப் புரட்டினேன். முதல் இரண்டு ஆண்டுகளின் ஏடுகளில், 'இன்னார் கவிதை சொன்னார்' என்றே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. அண்மைக் கால ஏடுகளிலோ 'இன்னார் கவிதை வாசித்தார்' என்று காண்கிறோம். எழுதியவர் ஒருவரே, அவர் ஏதும் கருதி இச்சொல்லை மாற்றியதாகத் தெரியவில்லை. கண்டதை எழுதினார். நாம்தாம் மாறியிருக்கிறோம்.

இம்மாற்றத்தின் நடுவே ஒரு நிகழ்ச்சி உண்டு. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் நான்காம் ஆண்டு விழாவில் தாம் இயற்றிய வெண்பா ஒன்றைச் சொல்ல எழுந்தார். இரண்டு அடிகள் வந்தன. மூன்றாம் அடி வரவில்லை. அவை காத்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பின்னர் அமைதியாக இருக்கைக்குத் திரும்பினார். அடுத்த கூட்டத்திற்குத் தாளோடு வந்தார். அதற்கடுத்த சில கூட்டங்களில் வாய் திறவாமல் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் பெயரை இங்கு எழுதினால் அவர் இசையமாட்டார், உறுப்பினர்கள் அறிவர்.

அவர் இல்லம் சென்று கேட்டபொழுது, "தம்பி, என் பாட்டு எனக்கே வரவில்லை. இனி எந்த முகத்தோடு அவைக்கு வருவேன்?" என்றார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. முதுமையிலும் நினைவு மங்காதிருக்க நம் முன்னோர் கைக்கொண்ட அன்றாட வழக்கங்கள் யாவை? அவற்றுள் எவை இன்றைய ஆய்வின் முன் நிற்கின்றன? எவை நிற்கவில்லை? இவற்றை ஒருவாறு தொகுத்துக் காண்போம்.

திண்ணைப் பள்ளியின் பூ

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நூல்கள் அரியன. ஆசிரியர் கையில் சில ஏட்டுச் சுவடிகள் இருந்தன. மாணாக்கர் கையில் பெரும்பாலும் மணலே இருந்தது. மணலில் விரலால் எழுதும்பொழுதே எழுத்தின் ஒலியை வாயால் உரக்கச் சொல்ல வேண்டும். கண், கை, வாய், செவி ஆகிய நான்கும் ஒரே எழுத்தின்மேல் ஒருங்கே படிந்தன. விடியற்காலையில் பள்ளிக்கு வந்து, முன்னாள் கற்ற பாடத்தை ஒப்பிக்க வேண்டும். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகிய கணக்கு நூல்கள் அனைத்தும் மனப்பாடம். மாவென்பது இருபதில் ஒரு பங்கு, காணியென்பது எண்பதில் ஒரு பங்கு, முந்திரியென்பது 320-இல் ஒரு பங்கு. இத்தகைய கீழ்வாய் எண்களைப் பெருக்கிச் சொல்லும் பயிற்சி பெற்ற சிறுவன், முதியவனான பின்னும் களத்து மேட்டில் நின்றபடியே நெல்லின் கணக்கைச் சொல்லிவிடுவான்.

இப்பள்ளியின் வழக்கங்களுள் ஒன்றனை டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார். மாலையில் பள்ளி விடும்பொழுது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ, பறவையின் பெயரையோ, விலங்கின் பெயரையோ, ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். பிள்ளை அதனை மறவாமல் மறுநாள் வந்து சொல்ல வேண்டும். பல பெயர்களை அறிதலும் நினைவாற்றலைப் பெறுதலும் இதன் பயன்கள்.

இச்சிறு வழக்கத்தில் மூன்று நுட்பங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, ஒரு நாளைக்கு ஒரு பெயர்தான், சுமை சிறிது. இரண்டாவது, கேட்டதற்கும் சொல்வதற்கும் இடையே ஓர் இரவின் உறக்கம் இருக்கிறது. மூன்றாவது, மறுநாள் பிள்ளை அப்பெயரைப் பார்த்துப் படிப்பதில்லை. தன் மனத்திலிருந்தே எடுத்துத் தருகிறான். இம்மூன்றும் நினைவுக்கு எவ்வளவு இன்றியமையாதன என்பதைப் பின்னர்க் காண்போம்.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் போற்றுவது என் கருத்தன்று. கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகள் அங்கு இருந்தன. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அத்திண்ணை எட்டாததாகவே இருந்தது. பெண்மக்களுள் அங்கே பயின்றவர் மிகச் சிலர். பொருள் விளங்காத மனப்பாடத்தைச் சாமிநாதையர் காலத்திலேயே பலரும் குறைகூறினர். எனினும் ஒரு மரபின் குறைகளை அறிவது அதன் நிறைகளை விட்டுவிடுவதற்காக அன்று.

திண்ணைக்கு வெளியே நின்ற பெண்களும் நினைவில் குறைந்தவர்களல்லர். எழுத்தறியாத பாட்டிமார் தாலாட்டும், ஒப்பாரியும், நடவுப் பாட்டும், விடுகதையும், உறவுமுறைக் கணக்கும், ஊரின் மூன்று தலைமுறை வரலாறும் நெஞ்சில் தாங்கினர். அவர்கள் அவற்றை ஓதிப் பயின்றவர்களல்லர். நாள்தோறும் பிறர்க்குச் சொன்னார்கள். ஆதலால் அவை நிலைத்தன. பேரக் குழந்தை ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு தேர்வு மண்டபமாக இருந்தது.

நன்னூலார் வகுத்த கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இலக்கணம் கூறுகிறது. அதில் பாடம் கேட்கும் வரலாறு பற்றிய நூற்பாக்களை நாம் இலக்கண மாணவர்களாக இருந்தபொழுது தேர்வுக்காகப் படித்தோம், வாழ்வுக்காகப் படித்தோமல்லோம்.

ஒருமுறை கேட்டதோடு நில்லாமல் இருமுறை கேட்பவனுக்கு நூலிற் பிழை நேராது என்றும், மும்முறை கேட்பவன் அதனை முறையறிந்து பிறர்க்கு உரைப்பான் என்றும் நன்னூலார் கூறுகிறார். அதற்கு மேலும் ஒரு கணக்கு வகுக்கிறார். ஆசிரியர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குப் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன் பயில்வாரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்து உரைப்பதால்தான் நிறைவுறும். கேட்டவற்றை நினைத்தல், வினாதல், வினாயவற்றிற்கு விடை கூறுதல் ஆகியவற்றையும் நூல் பயிலும் இயல்பாக அவர் அடுக்கிச் சொல்கிறார்.

ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், இக்கணக்கில் 'மீண்டும் மீண்டும் படித்தல்' என்பதற்குப் பங்கே இல்லை. கேட்டல், நினைத்தல், உரையாடல், கற்பித்தல் ஆகியவையே புலமையின் தூண்கள். அவற்றுள் முக்காற்பங்கு பிற மனிதரோடு கூடிச் செய்வது. நினைவு தனியறையில் காக்கப்படும் செல்வமன்று. அவையில் புழங்கும் நாணயம் என்பதே நன்னூலாரின் கருத்தெனலாம்.

இறையனார் களவியலுக்கு நக்கீரர் உரைத்த உரை, நீலகண்டனார் வரையில் பத்துத் தலைமுறையாக ஆசிரியரும் மாணாக்கருமாய் வாய்வழியே வந்ததென்று அவ்வுரையே கூறுகிறது. அவ்வாறு வந்த தொடர்ச்சியை வரலாற்று ஆய்வாளர் எவ்வாறு மதிப்பிடினும், ஓர் உரைநூல் வாய்மொழியாகவே நிலைபெற முடியும் என்று அக்காலப் புலவர் நம்பினர் என்பதற்கு அது சான்று.

யாப்பு என்னும் பெட்டகம்

இம்மலரைப் படிப்போர் பலரும் கவிஞர்கள். ஆதலின் யாப்பைப் பற்றி ஒரு சொல். எதுகையும் மோனையும் செவிக்கு இன்பந்தரும் அணிகள் என்று மட்டும் கருதிவிடுகிறோம். அவை நினைவின் கைப்பிடிகளும் ஆகும். ஓர் அடியின் இரண்டாம் எழுத்து அடுத்த அடியின் இரண்டாம் எழுத்தைத் தந்துவிடுகிறது. சீரின் அளவு, பொருந்தாத சொல்லை உள்ளே விடுவதில்லை. அந்தாதியில் ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாகிறது. நூறு பாட்டும் ஒரு சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. நிகண்டு நூல்களும் மருத்துவ நூல்களும் சோதிட நூல்களும் செய்யுளில் இயன்றதற்குக் காரணம் இதுவே. அங்கு யாப்பு, பொருளைக் காக்கும் பெட்டகம்.

பார்வையிழந்த புலவர் பலர் நம் வரலாற்றில் ஒளிவிட்டதும் இப்பெட்டகத்தின் துணையால்தான். அந்தகக்கவி வீரராகவ முதலியார் காணாமலே கற்றார், காணாமலே பாடினார். இளமையில் அம்மை நோயால் கண்ணொளி இழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர், செவிவழியே கற்றுச் சேதுபதியின் அவையை அணிசெய்தார். இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர் என்பதும் ஒருவர் பாதி பாட மற்றவர் முடிப்பார் என்பதும் நாம் அறிந்த செய்தி.

புதுக்கவிதை எழுதும் இளைய நண்பர்கள், 'எங்களுக்கு யாப்பு இல்லையே' என்று கூறலாம். யாப்பு இல்லாவிடினும் ஒலியும் மூச்சும் உண்டு. தன் கவிதையைத் தாளின்றிச் சொல்ல முயலும் கவிஞன், தேவையற்ற சொற்கள் தாமாகவே உதிர்வதைக் காண்பான். நினைவில் நில்லாத சொல், பெரும்பாலும் கவிதையிலும் நிற்கத் தேவையற்ற சொல்லாகவே இருக்கும்.

அவதானம்: நினைவா, கவனமா?

தமிழ் நினைவாற்றலைப் பேசும்பொழுது அவதானிகளைப் பேசாதிருக்க இயலாது. எட்டுச் செயல்களை ஒரே நேரத்தில் மனத்திற் கொள்வது அட்டாவதானம், பத்து, தசாவதானம், பதினாறு, சோடசாவதானம், நூறு, சதாவதானம். ஒருவர் முதுகில் கல்லெறிவார், ஒருவர் மணியொலிப்பார், ஒருவர் ஈற்றடி தந்து வெண்பா கேட்பார், ஒருவர் இலக்கணத்தில் ஐயம் வினவுவார், ஒருவர் ஆண்டும் திங்களும் சொல்லிக் கிழமை கேட்பார். இடையே சதுரங்கமும் நடைபெறும். இறுதியில் விழுந்த கல் எத்தனை, ஒலித்த மணி எத்தனை என்பதையும் பாடிய பாட்டு யாது என்பதையும் அவதானி பிழையின்றிச் சொல்ல வேண்டும்.

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார். யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையும் சதாவதானி எனப் பெயர் பெற்றவர், திரு.வி.க.வுக்குத் தமிழ் கற்பித்தவர்.

இவர்களை நாம் நினைவாற்றலின் மலைகளாக வியக்கிறோம். ஆனால் அக்கலையின் பெயரைக் கூர்ந்து நோக்குங்கள். 'அவதானம்' என்னும் சொல்லுக்கு நினைவு என்று பொருளில்லை. கவனம் என்றே பொருள். கவனித்தது நிலைக்கும், கவனியாதது நிலையாது. சாவியை வைத்த இடம் மறந்துபோயிற்று என்று வருந்துகிறோம். உண்மையில் அதை வைத்தபொழுதே நம் கருத்து அங்கில்லை. வைத்தது நினைவில் ஏறவே இல்லை. ஏறாததை இறக்குவது எங்ஙனம்? முதுமையில் கவனத்தைப் பலவழிச் செலுத்துதல் கடினமாகிறது. ஆகவே வயது ஏற ஏற, ஒரு நேரத்தில் ஒரு செயல் என்னும் கட்டுப்பாடு வேண்டும். நூறு செயலை ஒருங்கே செய்த அவதானியின் கலை, ஒரு செயலையாவது முழுக் கருத்தோடு செய்ய வேண்டும் என்னும் பாடத்தை நமக்குத் தருகிறது.

திருக்குறளில் 'பொச்சாவாமை' என்றோர் அதிகாரம் உண்டு. மறவாமை என்று பொருள்பட்டாலும், அது மூளையின் மறதியைப் பற்றியதன்று. மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையில் சோர்வதைப் பற்றியது. மறதியுள் சோர்வினால் வருவதும் உண்டு, நோயினால் வருவதும் உண்டு. முன்னதைத் திருத்த முயல வேண்டும். பின்னதற்காக எவரையும் குறைகூறலாகாது.

எண்பத்தைந்தில் தொடங்கிய வரலாறு

சாமிநாதையர் 1855-இல் பிறந்தார். 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் செய்யுளை மனத்திலேயே யாத்து வாயாற் சொல்லச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். 1876-இல் ஆசிரியர் மறைந்தார். அவருடைய வரலாற்றைச் சாமிநாதையர் இரண்டு பாகங்களாக 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். அதாவது, ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகளுக்குப் பின், தம் எழுபத்தெட்டாம் வயதில். பின்னர், 85 வயது நிறையும் தறுவாயில், 1940-ஆம் ஆண்டு சனவரியில் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடங்கியது. 1942 ஏப்ரலில் திருக்கழுக்குன்றத்தில் அவர் மறையும் வரையில் அது தொடர்ந்தது; முற்றுப்பெறவில்லை. ஆயினும் எழுபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட உரையாடலும், உண்ட உணவும், நடந்த வழியும் அதில் உயிரோடு எழுகின்றன.

இந்நினைவாற்றல் பிறவிப் பேறு மட்டுமா? அவர் வாழ்ந்த முறையைப் பார்ப்போம். ஆசிரியர் மறைந்த பின் திருவாவடுதுறை மடத்தில் தாம் கற்றுக்கொண்டே பிறர்க்குப் பாடம் சொன்னார். 1880 முதல் கும்பகோணம் கல்லூரியிலும், 1903 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்பித்தார். ஓய்வு பெற்ற பின்னும் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராயிருந்தார். நன்னூலார் கூறிய அரைப்பங்கை வாழ்நாள் முழுதும் அவர் ஈட்டிக்கொண்டே இருந்தார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். சீவகசிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தது முதல், ஒவ்வொரு நூலும் அவருக்குப் புதியதொரு பயிற்சியாக அமைந்தது. கடைசிவரை இளைய மாணாக்கர் அவரைச் சூழ்ந்திருந்தனர்; கேட்கும் செவிகள் இருந்ததால் சொல்லும் நினைவு இருந்தது.

மற்றொன்றும் உண்டு. அவர் நினைவை மட்டுமே நம்பியவரல்லர். தமக்கு வந்த கடிதங்களைப் போற்றிக் காத்தார். குறிப்புகள் எழுதி வைத்தார். எழுதுவது நினைவுக்குப் பகை என்று சிலர் எண்ணுவர். எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் பகை. எழுதியதை இடையிடையே எடுத்து நினைந்து பார்ப்பவர்க்கு எழுத்து ஊன்றுகோலாகும். தாள் கையில் இருப்பது இழுக்கன்று. தாளைப் பாராமல் முயன்று, தவறிய இடத்தில் மட்டும் பார்ப்பதே நெறி.

ஆய்வு கூறுவது

இனி இன்றைய அறிவியலை நோக்குவோம். செருமானிய அறிஞர் எபிங்காசு, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் நூல் வெளியிட்டார். மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்கிறது என்றும், ஒரே அமர்வில் பலமுறை ஓதுவதினும் நாள்களைப் பரப்பி ஓதுவது பயனுடையது என்றும் அவர் கண்டார். விடியற்காலை ஒப்பித்தலின் காரணம் இதனால் விளங்குகிறது. 1924-இல் அமெரிக்காவில் இரு ஆய்வாளர் செய்த சோதனை, விழித்திருக்கும் நேரத்தினும் உறங்கும் நேரத்தில் மறதி குறைவு என்று காட்டியது. இரவு கடந்து பூவின் பெயரைச் சொன்ன பிள்ளையை இங்கே நினைந்துகொள்க. 2006-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்தவர் ஐந்து நிமிடங்கள் கழித்து முந்தினர். பாராமல் நினைந்து எழுதிப் பார்த்தவரோ ஒரு வாரம் கழித்து முந்தினர். ஒப்பித்தல் என்பது தேர்வு மட்டுமன்று. அதுவே கற்றலும் ஆகும்.

முதுமையைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் நேராகப் பேசுகின்றன. 2011-இல் வெளியான ஆய்வொன்றில் 120 முதியோர் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் வரை நடந்தனர். மற்றவர் உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி செய்தனர். ஓராண்டின் முடிவில், நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி, நடந்தவர்க்கு ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. மற்றவர்க்குச் சற்றுச் சுருங்கியிருந்தது. ஏடு தேடி நடந்த புலவர்கள் அறியாமலே இப்பயனைப் பெற்றிருக்கக்கூடும்.

2003-இல் நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கண்ட ஆய்வு, படித்தல், பலகை விளையாட்டு, இசைக்கருவி மீட்டல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டோர்க்கு மறதி நோய் குறைவாக வந்ததைப் பதிவு செய்தது. 2013-இல் ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், ஒரு மொழி மட்டும் அறிந்தாரினும் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோர்க்கு அந்நோய் நாலரை ஆண்டு தாழ்த்தே தோன்றியது என்றனர். எழுத்தறியாதாரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டது என்பது, நம் பாட்டிமாரை நினைக்கும்பொழுது பொருள் பொதிந்ததாகிறது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1260 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றை ஒருங்கே ஈராண்டு கைக்கொண்டோர்க்கு அறிவாற்றல் ஓரளவு மேம்பட்டதைக் காட்டியது.

இவற்றை மிகைப்படுத்திக் கூறலாகாது. படிப்பவர்க்கு நோய் குறைந்ததா, நோய் அணுகாதவர் படித்துக்கொண்டிருந்தனரா என்பதை இத்தகைய தொடர்நோக்கு ஆய்வுகள் மட்டும் தீர்த்துவிடா. நினைவுப் பயிற்சி எதுவும் மறதி நோயை முற்றத் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை. கற்றோரையும் அந்நோய் பற்றுகிறது. ஒரு பெயர் நாவில் நின்று வாராமல், மாலையில் தானே வருவது வயதின் இயல்பு. பழகிய தெருவில் வழி தெரியாது திகைப்பதும், கேட்ட கேள்வியையே சிறிது நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பதும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. தைராய்டு குறைவும், பி12 உயிர்ச்சத்துக் குறைவும், மனச்சோர்வும், சில மருந்துகளும்கூட மறதியை உண்டாக்கும், அவை திருத்தக்கூடியவை. வெட்கத்தால் மறைப்பதே பெருங்கேடு.

கேள்வியும் செவியும்

லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024-இல், மறதி நோய்க்குக் காரணமாகி, நம்மால் மாற்றக்கூடியவை 14 என்று வகுத்தது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மது, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை முதலியவற்றோடு, செவிப்புலன் குறைவும் திருத்தப்படாத பார்வைக் குறைவும் அப்பட்டியலில் உள்ளன. இவை யாவும் களையப்படின் உலகில் மறதி நோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தாழ்த்தவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு.

இதைப் படித்தபொழுதுதான் நம் மூத்த உறுப்பினர் பின்வரிசையில் அமர்ந்திருந்தது என் நினைவுக்கு வந்தது. வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாதவனும் கேட்க வேண்டும், தளர்ச்சியில் அது ஊன்றுகோலாகும் என்றார். ஆனால் ஊன்றுகோலைப் பற்றும் கை தளர்ந்திருப்பின் என் செய்வது? அவருக்குக் காது கேளாதிருந்தது. கேளாததால் உரையாடல் குறைந்தது. உரையாடல் குறைந்ததால் பாட்டைச் சொல்லிப் பார்க்கும் வாய்ப்புக் குறைந்தது. அதை அவர் மறதி என்று நம்பினார். நாமும் அவ்வாறே நம்பினோம். "அவருக்கு வயதாகிவிட்டது" என்று பரிவோடு சொல்லிவிட்டு நாம் அடுத்த கவிதைக்குச் சென்றோம். அப்பரிவு ஒரு புறக்கணிப்பு என்பதை இப்பொழுது உணர்கிறேன்.

அவர் மகளார் அழைத்துச் சென்று செவிக்கருவி பொருத்தினார். சென்ற ஆண்டு முதல் மீண்டும் வருகிறார், முன்வரிசையில் அமர்கிறார். அந்த வெண்பாவின் மூன்றாம் அடி இன்றும் சில வேளைகளில் அவருக்கு வருவதில்லை. வராதபொழுது சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "வயதுக்குக் கொடுத்த வரி" என்று சிரிக்கிறார். அவை அவரோடு சேர்ந்து சிரிக்கிறது. காத்திருக்கவும் கற்றுக்கொண்டது.

நிறைவாக

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் சென்ற கூட்டத்தில் கேட்டவற்றை ஒருவர் குறிப்பின்றி எடுத்துரைக்க வேண்டும்; விட்டவற்றைப் பிறர் நிரப்ப வேண்டும். இரண்டு: திங்கள்தோறும் ஒரு கவிதையையாவது, பழையதாயினும் புதியதாயினும், தாளின்றிச் சொல்ல வேண்டும், தவறினால் நகைத்தல் கூடாது. மூன்று: மூத்தோர் ஒவ்வொருவரும் இளையார் ஒருவர்க்கு ஒரு நூலைப் பாடம் சொல்ல வேண்டும், அது இளையார்க்கு நாம் செய்யும் உதவி மட்டுமன்று. நான்கு: முன்வரிசை இருக்கைகள் செவிப்புலன் குன்றியோர்க்கு உரியனவாக வேண்டும். அவ்வரிசையில் யாரேனும் ஒருவர் இரு கூட்டம் தொடர்ந்து வாராவிடின், நம்மில் ஒருவர் அவர் இல்லம் செல்ல வேண்டும். இயன்றால் நடந்தே செல்ல வேண்டும்.

சென்ற திங்கள் கூட்டம் முடிந்து படியிறங்கும்பொழுது, நம் மூத்த உறுப்பினர் என்னை நிறுத்தி, "தம்பி, வெட்சி. அடுத்த கூட்டத்தில் கேட்பேன்" என்றார். இக்கட்டுரையை எழுதி முடிக்கும் இந்நாள்வரை நான் மறக்கவில்லை. நாளைக் கூட்டத்தில் அவருக்குச் சொல்ல, ஒரு பறவையின் பெயரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.